அண்ணனின் ஆல்பத்துக்கு நேர்ந்த அசிங்கம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் இதில் அவருடைய நற்குணங்களை எதிர்பார்ப்பீர்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் அவருக்கு நடந்ததை மறைத்துவிட்டு அவற்றை மட்டும் அடுக்க, ஒரே தங்கையான எனக்கு மனம் ஒப்பவில்லை.

அண்ணன் சங்கரன்கோவிலில் பிறந்தார். பள்ளி முடித்ததும் கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்து சாக்ஸபோன் பழகினார். பிறகு சென்னையில் ஓர் ஓட்டலில் வாசிக்கப் போன இடத்தில் ஜாஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு மெட்டை எடுத்து, அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதைக் கோத்து வாசிக்கும் இசை அது.

"பேச்சு மாதிரிதாம்ட்டி. எழுதி வச்சா பேசுதோம்?" என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது ஊருக்கு வந்து, மலமும் மூத்திரமும் அள்ளிப் பார்த்தவர் அண்ணன்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஓர் ஆல்பம் செய்தார். சென்னை ஸ்டூடியோ ஒன்றில் அவரும், டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஜெபராஜும், மற்றவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, வெட்டு ஒட்டு இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தார்கள். வெளியிட வாங்கிப்போன கம்பெனிக்காரர் யாரையும் கேட்காமல் ஜெபராஜின் டிரம்ஸை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் தாளத்தைப் போட்டார். நீண்ட வாசிப்புகளைத் துண்டு துண்டாக்கி, 'கல்யாண விருந்து இசை' என்று பெயரிட்டு விற்றார்.

அண்ணன் அதை முதலில் கேட்டது மாமா மகள் கல்யாணப் பந்தியில். மாமாவுக்கு ஒரே பெருமை.

"ஏலே மருமவனே, ஒம் பாட்டுதாம்லே ஓடுது! நல்லா சாப்பிடு!"

"இது எம் பாட்டு இல்ல மாமா. நிறுத்தச் சொல்லுங்க. கொமட்டுது."

வேடிக்கைப் பேச்சென்று பந்தியே சிரித்தது. அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றே கம்பெனிக்காரருக்குப் போன் செய்தார்.

"ஊர் ஊரா ஓடுது, சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றீங்களே சார். ஜாஸை எவன் கேக்குறான்?"

"அப்பம் எம் பேர எடுத்துருங்க. செத்த பொறவும் அதுல எம் பேரு இருக்கப்படாது."

எடுத்தார்கள். ஜெபராஜிடம் இருந்த அசல் பதிவை நண்பர்களே இணையத்தில் வெளியிட்டார்கள். நம் உறவில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று மட்டும் பேசினார்கள்.

பிறகு நுரையீரலில் புற்று வந்தது. ஊத முடியாமல், திருநெல்வேலி மருத்துவமனைப் படுக்கையில் விரல்களை மட்டும் போர்வைமேல் அசைத்துக்கொண்டிருந்தார். அப்படியே போய்விட்டார்.

உடலை வாசலில் கிடத்தியதும் மாமா ஸ்பீக்கர் கட்டி, அந்தக் கம்பெனிச் சரக்கைப் போட்டார். அண்ணன் காறித் துப்பியதை அவர் வாயிலேயே திணித்ததுபோல் எனக்கு அருவருத்தது.

"நிறுத்துங்க மாமா."

"ஒரு மரியாதைக்குப் போடுதோம்ட்டி. வந்தவங்கல்லாம் பாராட்டுதாங்கல்லா?"

நான் வயரைப் பிடுங்கி எறிந்தேன். பொம்பளைக்கு இத்தனை ஆங்காரமா என்றார்கள். ஆம், இத்தனைதான்.

பதினாறாம் நாள் ஜெபராஜும் நண்பர்களும் வந்து வாசித்தார்கள். அவர்களுக்கும், வாசிப்புக்கு இரைச்சல் இடைஞ்சலாகக் கூடாதென்று அன்று மாலை தன் விசைத்தறிகளையெல்லாம் நிறுத்தி வைத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், மருத்துவமனையில் என்னோடு மாறி மாறி இருந்த தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இம்மலரின் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுத்தனுப்புகிறேன். வாசிக்கட்டும்.