எஸ்தர் சிஸ்டர் கொடுக்காமல் வைத்திருந்த சீட்டு

எஸ்தர் சிஸ்டர் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் மகன் போனில் சொன்னார். "அத்தை தவறிட்டாவ சார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு. ஒங்களுக்குச் சொல்லணும்னு முன்னாலயே சொல்லி வச்சிருந்தாவ." அப்போது என் மேஜைமேல் ஒரு ஏழு மாதக் குழந்தை கிடந்தது. போனை வைத்துவிட்டு அதன் அம்மாவிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. "என்னாச்சுங்க டாக்டருங்க?" என்று அந்தப் பெண்தான் என்னைக் கேட்டாள். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். கிளினிக்கை மூடிவிடலாமா என்று தோன்றியது. காய்ச்சல் குழந்தைகளைத் திருப்பி அனுப்பினேன் என்று தெரிந்தால் செத்த பிறகும் என்னைத் திட்டக்கூடியவர் அவர். மத்தியானம் வரை எல்லோரையும் பார்த்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நம் பனியன் ஊர் ராயபுரத்தில் என் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அதனால் அவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருடம் என்னோடு நர்ஸாக வேலை பார்த்தார். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடம் இதே ஊரில் வேறு ஆஸ்பத்திரிகளில். இத்தனை வருடம் இருந்தும் நம் ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஏறவே இல்லை. "ஏனுங்க சிஸ்டருங்க" என்று நம் பெண்கள் குழைந்தால், "என்ன மக்கா, பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று தென்பாண்டிச் சீமையே எழுந்து வந்து பதில் சொல்லும். ஊசி போடும்போது வீறிடும் குழந்தை அவர் தோளுக்குப் போனதும் அடங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இந்த அஞ்சலியை நான் தடிப்பைப் பற்றிப் பேசாமல் எழுத முடியாது. பச்சைக் குழந்தைகளுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் கொசு கடித்த மாதிரி சிவந்து தடிக்கும். இரண்டு மணி நேரத்தில் இங்கே அமுங்கி அங்கே கிளம்பும். தாய் அலறியடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் தோல் பளிங்கு போல ஆகிவிடும். "காலைல இருந்துச்சுங்க டாக்டர், இப்பக் காணோமுங்க" என்று அவள் சொல்லும்போது, கூட வந்த மாமியாரும் நானும் ஒரே மாதிரி அவளைப் பார்ப்போம். எஸ்தர் சிஸ்டர்தான் அதற்கு ஒரு வழி செய்தார். தடிப்பு வந்தால் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்களுக்கு அது கைவந்த வேலை. துணியில் பழுது இருக்கும் இடத்தில் நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் அவர்கள். முதல் குழந்தை வயிறெல்லாம் நீல வட்டத்தோடு வந்தபோது, "என்ன சிஸ்டர், ரிஜெக்ட் பீஸ் மாதிரி மார்க் பண்ணி அனுப்பியிருக்கீங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை பொய் சொல்லலன்னு இப்பம் தெரியுதுல்லா சார்?" என்றார்.

கவிதா அப்படி வட்டம் போட்டு வந்த பெண்களில் ஒருத்தி. அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். கணவன் கட்டிங் மாஸ்டர், அவள் செக்கிங். நம் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும்: கூட வேலை பார்ப்பவளுக்குக் குழந்தை பிறந்தால், கம்பெனியில் அதே லைனில் வேலை பார்க்கும் பெண்கள் எக்ஸ்போர்ட் துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கவிதாவின் பையனுக்கும் இரண்டு டஜன் வந்திருந்தது. கிராமங்களில் முதல் துணியாகப் பழைய வேட்டியைக் கிழித்துப் போர்த்துவார்கள். இங்கே பிள்ளைக்குப் புதுச் சட்டைக்குப் பஞ்சமே கிடையாது. பையனுக்கு நான்காம் மாதம் தடிப்பு கிளம்பியதும் நான் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் தோலில் எது வந்தாலும் நாங்கள் எல்லோரும் சொல்கிற ஒரே பதில் சாயம். "அந்தச் சட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்றேன். தோழிகள் தைத்த சட்டைகளை அவள் வாசலில் போட்டுக் கொளுத்தினாள். செய்தி கம்பெனிக்குப் போய், லைனில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பழைய வேட்டித் துணிக்கு மாறிய பிறகும் தடிப்பு வந்தது. அடுத்து அவள் சாப்பாட்டில் கை வைத்தேன். முட்டை, மீன், கத்தரிக்காய், நிலக்கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். கடைசியில் ரசமும் சோறும் மட்டும் தின்றுகொண்டிருந்தாள். தாலிக்கயிறு கழுத்தெலும்பில் கிடந்தது. அப்போதும் தடிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஒரு புதுக் காரணம் சொன்னேன், ஏனென்றால் காரணம் கேட்டுத்தான் வந்தார்கள், காரணம் சொல்வதுதான் டாக்டரின் வேலை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பொறுமை போய், தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால் பவுடர் கொடுக்கும்படி சீட்டு எழுதி எஸ்தர் சிஸ்டரிடம் நீட்டினேன். விளக்கிச் சொல்லி அனுப்புவது அவர் வேலை.

நான்கு நாள் கழித்து கவிதா வந்தாள். பவுடர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். அவள் விழித்தாள். "பவுடருங்களா? சிஸ்டர் தாய்ப்பாலே குடுக்கச் சொன்னாங்களேங்க." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். யார் டாக்டர் என்று கேட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. எஸ்தர் சிஸ்டர் யூனிஃபார்ம் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்காக மடித்திருந்தது. "குடுக்கல சார். வேணும்னா என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க. அந்தப் பிள்ளைக்குப் பால நிறுத்தாதிய" என்று சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் என் முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது என்றார். ஐந்து மாதம். அதற்கும் இப்படித்தான் தடிப்பு. அப்போது அவர் நர்ஸ் படிப்பை முடித்து இரண்டு வருடம். பெரிய டாக்டர் ஒருவர், பால் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்றாராம். "நிறுத்திட்டேன் சார். புட்டிப் பாலு. எங்க ஊர்த் தண்ணி. மூணாம் நாளு வயித்தால போச்சு. எனக்கு மார்ல பாலு கட்டிக் கெடந்துச்சு, பிழிஞ்சு பிழிஞ்சு கொட்டுனேன். பிள்ளை பக்கத்துல அழுதுட்டுக் கெடந்துச்சு. ஒம்பது நாளுதான் இருந்துச்சு." மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் படிச்சவ சார். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். அழவில்லை. பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார். நீங்க ஒரு காரணத்தச் சொல்லிட்டு அடுத்த பிள்ளையப் பாக்கப் போயிருவிய. அத அந்தத் தாய்தான் சாவுற மட்டும் சுமக்கணும்."

அன்று சாயங்காலம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் அதே சீட்டை நான் வேறு சிலருக்கும் எழுதியிருக்கிறேன். நான்கைந்து முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. யாரும் திரும்ப வரவில்லை. வராததால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்குள் கவிதாவின் வீட்டில் வேறு முடிவு எடுத்துவிட்டார்கள். அவள் பால்தான் விஷம், பிள்ளையைக் காங்கேயம் பக்கம் ஊருக்குத் தூக்கிப்போய் ஆட்டுப்பால் கொடுத்து வளர்ப்பது, அவள் இங்கேயே வேலைக்குப் போவது என்று மாமியார் பையை எடுத்து வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் எஸ்தர் சிஸ்டர், "வாங்க சார், அந்த வீட்டுக்குப் போவோம். நீங்க சொன்னாதான் கேப்பாவ" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "தெரியலன்னு சொல்லணும்." என் ஸ்கூட்டரில் பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

மாமியார் வாசலிலேயே பதறிவிட்டார். "ஏனுங்க சாமி, நீங்களே ஊட்டுக்கு வந்துட்டீங்க! உக்காருங்க." நான் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, அந்தத் தடிப்பு எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். சாயம் என்று சொன்னதும், சாப்பாடு என்று சொன்னதும், பால் என்று எழுதியதும் ஊகம்தான், தப்புத்தான் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியலீன்னு சொல்றதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? அப்பறம் வாசல்ல எதுக்குங்க அத்தாச்சோட்டுப் பெரிய போர்டு?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எஸ்தர் சிஸ்டர் குழந்தையைத் தூக்கி அந்த அம்மா மடியில் வைத்தார். "பாருங்கம்மா, எப்பிடிக் கொழுகொழுன்னு இருக்கான். வெசத்தக் குடிச்ச பிள்ளை இப்பிடியா இருக்கும்?" அந்த அம்மா பேரனின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் தின்னு கண்ணு, எலும்பும் தோலுமாக் கெடக்கற" என்றார். கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை பிரிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் தடிப்போடு வரும் எல்லா அம்மாக்களிடமும் அவர் ஒன்றைச் சொல்லுவார். "தடிப்புக்குப் பயப்படாத மக்கா, மூச்சுக்குப் பயப்படு." உதடு, நாக்கு, கண் வீங்கினாலோ, இழுத்து இழுத்து மூச்சு விட்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, துவண்டு போனாலோ ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றபடி வரும், போகும். தடிப்பு வந்த நாட்களைக் கவிதா எழுதி வைத்த நோட்டைப் பார்த்தபோது, பையனுக்குச் சளி பிடித்த வாரங்களில்தான் தடிப்பு அதிகம் வந்திருந்தது. அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றரை வயதுக்கு மேல் அது தானாக நின்றுவிட்டது. ஏன் வந்தது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. கவிதா மறுபடி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். கொளுத்திய சட்டைகளுக்காக லைன் பெண்களுக்கு நானே சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது, தப்பு என்னுடையது என்று.

போன வருடக் கடைசியில் எஸ்தர் சிஸ்டருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஒரு டாக்டரின் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நின்றவருக்கு அது நடந்தது. அவர் வலியைச் சொல்லவில்லை, நான் முகத்தைப் பார்க்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கன்னமெல்லாம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. கிளினிக்கைப் பற்றி விசாரித்தார், புதுப் பெண் ஊசியைச் சரியாகப் போடுகிறாளா என்று கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சார், எம் பிள்ளைக்கு அந்தத் தடிப்பு ஏன் சார் வந்துச்சு?" என்றார்.

எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும், அதைப் பழக்கியவரே அவர்தான். "தெரியல சிஸ்டர்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "நீங்க அதத்தான் சொல்லுவியன்னு தெரியும். ஆனாலும் இன்னைக்கு ஒரு பொய்யாவது சொல்லுவியளோன்னு நெனச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவிநாசி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாக அவர் மனதில் இருந்த கேள்வி வேறு. பிள்ளை செத்தது தன்னாலா என்பதுதான் அது. அதற்குப் பொய் சொல்லத் தேவையே இல்லை. அதற்கு எனக்குப் பதில் தெரியும். பாலை நிறுத்தச் சொன்னவன் ஒருவன், நம்பியவர் அவர். "உங்க தப்பு இல்ல சிஸ்டர்" என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் காய்ச்சல் சீசன். அதற்கும் அடுத்த வாரம் அவரை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போனில் சொல்கிற விஷயமா இது என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

இந்த ஒரு வாரமாக, தடிப்போடு பிள்ளையைத் தூக்கி வரும் தாயிடம் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். "இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்லீங்க." நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு பேரும் அழுதார்கள், ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். எஸ்தர் சிஸ்டரிடம் சொல்லாமல் விட்டு எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வாக்கியம்தான். அவரிடம் சொல்லியிருந்தால் அவரும் அப்படி ஒரு முறை அழுதிருப்பார்.