மேடையில்தான் கொடுப்போம்

எங்கள் சங்கத்தில் எதையும் சும்மா கொடுக்க மாட்டோம். பென்சில் டப்பா ஆனாலும் சரி, சைக்கிள் ஆனாலும் சரி, மேடை போட்டு, பின்னால் ஃப்ளெக்ஸ் கட்டி, சிறப்பு விருந்தினர் ஒரு பக்கமும் தலைவர் மறுபக்கமும் பிடித்துக்கொள்ள, வாங்குகிற பிள்ளை நடுவில் நின்று கேமராவைப் பார்க்க வேண்டும். போட்டோ சரியாக விழவில்லை என்று கொடுத்ததைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்ததும் உண்டு. போட்டோ மாத இதழில் வரும், மாத இதழ் மாவட்ட கவர்னருக்குப் போகும். எங்களைப் போன்ற சேவைச் சங்கங்களுக்கெல்லாம் மேலே ஒரு வருடம் மட்டும் உட்காருகிற மனிதருக்கு அப்படியொரு பட்டம். காளவாசலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நான் இருபது வருடமாக இந்தக் கூத்தில் இருக்கிறேன். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துச் சேர்க்கவில்லை.

அந்த வருடம் நான் செயலாளர். செயலாளராக இருப்பவன் தலைவரோடு ஒத்துப்போனால் அடுத்த வருடம் அவனே தலைவர். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தலைவர் என்னோடு பள்ளியில் படித்தவர், ஊர்ப்பக்கம் இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

அதற்கு முந்தின வருடம் அவருடைய மண்டபத்திலேயே மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு முகாம் ஒன்று நடத்தினோம். பயிற்சியாளர் ஒருவர் காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு எண்பது பிள்ளைகளையும் "என்னால் முடியும்" என்று தொண்டை கிழியக் கத்த வைத்தார். இரண்டாம் நாள், கூட்டம் நடத்திப் பழகுவதற்காக ஒரு மாதிரிக் கூட்டம். அதற்குத் தலைவராக உட்கார்ந்தவள் சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அரசுப் பள்ளிப் பெண். அவள் அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளப் போகிறவர், அப்பா அதே வெற்றிலைக் கட்டுகளை வண்டியேற்றுகிறவர். நடுவில் ஒரு பையன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். அவள் மேஜையைத் தட்டி, "தலைவர் அனுமதி குடுக்கல. உக்காருங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

முகாம் முடிந்து போனவள், பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதி, ஊராட்சி அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, குழாய் போட வைத்துவிட்டாள். அதை நான் மூன்று கூட்டங்களில் எங்கள் சாதனையாக வாய் கிழியப் பேசியிருக்கிறேன். நாங்கள் முகாம் நடத்தாவிட்டாலும் அவள் அதைச் செய்திருப்பாள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ப்ளஸ் டூ முடிவு வந்தது. அவளுக்கு நல்ல மார்க். நர்சிங் படிக்க வேண்டும், அதுவும் அரசுக் கல்லூரியில்தான், தனியாரில் முடியாது. சங்கம் அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் "தத்தெடுப்பது" என்று தீர்மானம் போட்டது. புத்தகம், உடை, விடுதிச் சாமான் எல்லாம் நாங்கள் தருவோம். அப்போதுதான் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்து, சங்கத்தின் சின்னம் போட்ட தோல் ஃபைலில் வைத்து, கவர்னர் கையால் மேடையில் கொடுக்க வேண்டும்.

"சும்மா வெறும் ஃபைலக் குடுத்தா வெயிட்டா இருக்காது மாப்ள" என்றார்.

நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். வீடு வீடாகப் போய் நானே வாங்கினேன். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். அவள் மட்டும்தான், "எப்ப சார் திருப்பித் தருவீங்க?" என்று கேட்டாள். பத்து நாளில் என்றேன். சங்கத்தின் லெட்டர் பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு ஃபைலும் என் கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பீரோவில் இருந்தன. சாவி என் சட்டைப் பையில்.

கவர்னருக்குத் தேதி கிடைக்கவில்லை. முதலில் தள்ளிப்போனது, பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. அவள் வாரம் ஒரு தடவை போன் செய்வாள். "சார், ஞாபகப்படுத்தலாம்னு கூப்பிட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். எடுத்த காரியத்தை விடாமல் தொடர வேண்டும் என்று முகாமில் நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்தப் பிள்ளை செய்தது. எனக்கோ அவள் நம்பரைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஒருமுறை, "தலைமைப் பண்புன்னா பொறுமையும்தாம்மா" என்று சொல்லி வைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கவுன்சிலிங்கில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பக்கத்து மாவட்டத்தில் அரசுக் கல்லூரி. ஏழு நாளுக்குள் அசல் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். விழா ஐந்தாம் நாள் என்று முடிவாகியிருந்தது. "மேடையில வாங்கிட்டு மறுநாளே போயிரலாம்மா, கார் நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். சரி சார் என்றாள். நாலாம் நாள் கவர்னரின் பெரியப்பா இறந்துபோனார். விழா அடுத்த வாரத்துக்குப் போனது.

ஆறாம் நாள் காலையில் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். இலை கிள்ளுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அம்மா நின்றபடியே பேசினார்.

"அண்ணே, நாளையோட கெடு முடியுதாம்ண்ணே. அந்தக் காயிதத்தக் குடுத்தீகன்னா இப்பவே போயிருவோம்."

நான் தலைவருக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை.

"ஒருத்திக்குக் குடுத்தா மத்த பதினோரு பேரும் வந்து நிப்பாங்க மாப்ள. மேடையில காலி ஃபைலயா நீட்டுறது? அந்தக் காலேஜ்ல நமக்கு ஆளு இருக்கு, நான் பேசிக்கிறேன். ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் ஓடிப் போயிராது. நீ அடுத்த வருசம் தலைவரு, இதக்கூடச் சமாளிக்கத் தெரியலன்னா எப்படி?"

கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. கல்லாவிலிருந்து பீரோவுக்கு மூன்று எட்டு. சாவி நெஞ்சுக்கு மேலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அவர்களைப் பார்த்து, "தலைவர் காலேஜ்ல பேசிட்டாரு. ஒண்ணும் பயமில்ல. நிம்மதியாப் போங்க" என்றேன். அவர் பேசவே இல்லை. பேசுவாரா மாட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அம்மா கும்பிட்டார். அந்தப் பெண் கும்பிடவில்லை. "சார், ஃபைல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா" என்றேன். அவள் முகத்துக்கு நேர் எதிரே நான் நின்றேன், என் முதுகுக்குப் பின்னால் பீரோ இருந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏழாம் நாள் நான் எதுவும் செய்யவில்லை. எட்டாம் நாள் பொழுது விடிந்ததும் என்னவோ பயம் பிடித்துக்கொண்டது. ஃபைலை எடுத்துக்கொண்டு காரில் அவர்கள் ஊருக்குப் போய் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லூரிக்கு ஓட்டினேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நேத்து ராத்திரியோட லாக் ஆயிருச்சு சார். இந்த சீட்டு அடுத்த ரவுண்டுக்குப் போயிருச்சு" என்றார். நான் சங்கத்தின் பெயரைச் சொன்னேன். தலைவர் பெயரைச் சொன்னேன். சட்டையில் குத்தியிருந்த சங்கத்தின் பின்னைக் கூடக் காட்டினேன், வெட்கங்கெட்டவன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரு பேரச் சொன்னாலும் சிஸ்டம் தொறக்காது சார். நேத்து வந்திருந்தா ராத்திரி வரைக்கும் உக்காந்தாவது சேத்திருப்போம்" என்றார்.

திரும்பி வரும்போது அம்மா பின் சீட்டில் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார். அந்தப் பெண் முன் சீட்டில் ஃபைலை மடியில் வைத்திருந்தாள். பாதி வழியில் தலைவர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "அட, போச்சா... சரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம். ஃபைல் பத்திரமா இருக்குல்ல? நாளன்னைக்கு விழா" என்றார். ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்கள் தெருமுனையில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கும்போது நான் கையை நீட்டினேன். ஆம், நீட்டினேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவள் ஃபைலைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

விழா நன்றாக நடந்தது. பன்னிரண்டு பேரும் மேடையேறினார்கள். கவர்னர் ஃபைலைக் கொடுக்கும்போது, "நல்லாப் படிச்சு நாலு பேருக்குச் சேவை செய்யணும்" என்று அவள் தலையில் கை வைத்தார். அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் சார்பாக நன்றி சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள், அவள்தான் நன்றாகப் பேசுவாள் என்று. கவர்னர், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசை தப்பாமல் நன்றி சொன்னாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அந்தத் தயவுகூட அவள் எனக்குச் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மா கடைக்கு வந்தார். "வீட்ல சும்மா கெடந்து மேக்கூரையவே பாத்துட்டு இருக்காண்ணே. ஒரு வேலையாச்சும் பாத்துக் குடுங்க. நீங்க சொன்னா கேப்பாக" என்றார். எங்கள் உறுப்பினர் ஒருவர் நகருக்குள் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஒரே போனில் வேலை கிடைத்தது. சீட்டுக்காக எனக்கு வராத துணிச்சல் இதற்கு எங்கிருந்துதான் வந்ததோ. அடுத்த மாத இதழைப் பிரித்தால், "கிராமப்புறப் பெண்ணுக்கு வேலைவாய்ப்பு" என்று அவள் படம். விழாவில் எடுத்ததையே போட்டிருந்தார்கள், கையில் ஃபைலோடு.

வருடம் முடிந்தது. எல்லோரும் ஒரு மனதாக என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பதவியேற்பு விழாவுக்குப் பொன்னாடைகள் எடுக்க வேண்டியிருந்தது. உறுப்பினர் கடையில்தான் எடுப்பது வழக்கம். பொன்னாடைப் பகுதியில் அவள்தான் நின்றாள், கடைச் சேலையில், கழுத்தில் அடையாள அட்டையோடு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாங்க சார். எம்புட்டுப் பேருக்கு சார்?" என்றாள்.

சொன்னேன். அடுக்கிலிருந்து எடுத்துப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். ஜரிகை அகலமானது, குறுகலானது, சிவப்பு, பச்சை. இந்த வருடம் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டேன். இல்லை சார் என்றாள். அம்மாவுக்கு முதுகுவலி, கொடிக்காலுக்குப் போக முடியவில்லை, அப்பாவின் கூலி பத்தவில்லை, இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, இனி படிப்பெல்லாம் தங்கச்சிக்குத்தான். எல்லாவற்றையும் துணி விவரம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

தங்கச்சி ப்ளஸ் டூ முடித்திருக்கிறாளாம். அக்காவைவிட மார்க் அதிகம். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்த மாதிரி இருந்தது. அவசர அவசரமாகப் பேசினேன்.

"இந்த வருசம் நான்தாம்மா தலைவர். தங்கச்சிய நான் பாத்துக்கிறேன். விழா, மேடை ஒண்ணும் வேணாம். என்ன வேணும்னாலும் நேரா எங்கிட்ட வரச் சொல்லு."

அவள் பிரித்துப் போட்ட பொன்னாடைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். கடைசி மடிப்பைக் கையால் நீவிவிட்டு நிமிர்ந்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"வேணாம் சார். சர்டிபிகேட்ட யார் வந்து கேட்டாலும் குடுத்துறாதன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். உங்க பேரச் சொல்லித்தான் சார் சொன்னேன்" என்றாள்.