மூன்று நிமிடம் அடி வாங்கியவர்

விமானங்கள் ஒன்றோடொன்று உரசாமல் விலக்கி வைப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவருடைய கைக்கும் அடுத்தவர் மூக்குக்கும் நடுவே இடைவெளி வைக்கத்தான் யாரையும் நியமிக்கவில்லை. அலுவலகத்தில் அவர் பெயர் மைல்கல். எதற்கெடுத்தாலும் மைல் கணக்குச் சொல்வார். சொன்ன கணக்கைவிட்டு இம்மியும் நகரமாட்டார்.

முதலில் அவர் இருந்தது பெரிய விமான நிலையம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று இறங்கும். ஜன்னல் இல்லாத அறை, ரேடார் திரை, அதில் ஊரும் புள்ளிகள். ராட்சத விமானம் போன வழியில் காற்று கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வரும் குட்டி விமானம் அதில் மாட்டினால் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்துவிடும். அதனால் ஆறு மைல் தள்ளி வர வேண்டும்.

ஒருநாள் ராட்சத விமானம் ஒன்றின் பின்னால் குட்டி ஒன்று வரும்போது மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "நாலு போதும், சொருகுய்யா. வரிசை நீண்டுக்கிட்டே போகுது."

"ஆறு."

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொல்றீங்க சார். காத்து கேக்கணுமே."

மேற்பார்வையாளர் அவர் தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி, நாலு மைலில் தானே சொருகினார். குட்டி விமானம் தரைக்குச் சற்று மேலே ஒருக்களித்துப் புரண்டது. இறக்கை நுனி ஓடுபாதையில் தீப்பொறி பறக்கத் தேய்ந்தது. விமானிக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. மீதிப் புள்ளிகளைப் பக்கத்து மேஜைக்காரர் வாரிக்கொண்டதும், மைல்கல் அதே ஹெட்போனை வாங்கி மேற்பார்வையாளர் மூக்கில் ஒரு போடு போட்டார். நிதானமாக, கன்னத்தில் இன்னொன்று.

விசாரணையில் மேற்பார்வையாளருக்குக் கண்டிப்பு. இவருக்கு மாற்றல், கூடவே ஒரு கடிதம்: பணியில் இன்னொரு முறை கை நீட்டினால் வேலை போகும்.

"சட்டைப்பையிலயே வச்சுக்குங்க," என்றார் மனைவி. "கை அரிக்கிறப்ப எடுத்துப் படிங்க."

புது நிலையத்தில் நாளுக்கு நாலு விமானம். ரேடார் கிடையாது. கோபுரத்தின் உச்சியில் ஒரு பைனாகுலர், மைலுக்குப் பதில் நிமிடம் எண்ண ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு. விமானம் வரும்போது நிலையத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடி, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சின்ன நிலையத்தின் குசும்பு என்னவென்றால், நாளெல்லாம் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். வருகிற இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

அன்று காலை பெரிய சரக்கு விமானம் இறங்கி ஒதுங்கியது. மேலே பயிற்சி விமானத்தில் ஒரு மாணவி, முதல்முறையாகத் தனியாக. பயிற்சிப் பள்ளி முதலாளி இரும்புப் படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"பொண்ணு தனியா சுத்துது, பயந்துரும். எறக்குய்யா."

"மூணு நிமிஷம்."

"ரோடு காலியா கெடக்கு, கண்ணு தெரியலையா?"

"ரோடு காலிதான். காத்து காலியில்ல."

முதலாளி விட்ட முதல் அறை காதில் விழுந்தது. அடுத்தது குத்து, வாயில். மைல்கல்லின் வலது கையில் மைக், கண் கடிகாரத்தில். நாற்காலியோடு சேர்த்து உதைத்ததில் சுவரில் மோதி நின்றார். அடி விழும்போதெல்லாம் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். அந்தச் சத்தம் மேலே போகக் கூடாது.

"நல்லாப் பறக்குறீங்க. இன்னொரு சுத்து," என்றார் மாணவியிடம்.

"உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே சார்?"

"பல் வலிம்மா."

பல் அப்போது மேஜைக்கடியில் கிடந்தது. மூன்றாவது நிமிடம் முடிந்ததும் இறங்க அனுமதி கொடுத்தார். விமானம் இரண்டு துள்ளு துள்ளி, ஓடுபாதையைவிட்டுத் திரும்பியது. மைல்கல் பதிவேட்டில் '11.14, நிலையம் மூடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஹெட்போனைக் கொக்கியில் மாட்டினார். பிறகு முதலாளியின் தாடையை இரண்டு இடத்தில் உடைத்தார். அந்த மனிதர் ஏறி வந்த படிகளில் பாதியைக் கால் படாமல் இறங்கினார்.

அடித்தது பணியிலா, பணி முடிந்தா என்று ஏழு மாதம் விசாரித்தார்கள். வந்த விமானம் நிறுத்துமிடம் சேர்ந்து இயந்திரம் அணையும்வரை நிலையத்தை மூட முடியாது என்பது விதி. கோபுரத்தில் எந்நேரமும் ஓடும் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். தாடை உடைந்து நாற்பது விநாடி கழித்துத்தான் மாணவி இயந்திரத்தை அணைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். வேலை போயிற்று.

"நாப்பது செகண்டுங்க," என்றார் மனைவி. "பொறுத்திருக்கலாம்ல?"

"பொறுத்திருந்தா கோவம் போயிருக்கும்," என்றார் மைல்கல்.