இரண்டு வயலின்கள், ஒரு காது

போன வருடம் வந்த ஒரு காய்ச்சலில் என் வலது காது கேட்காமல் போய்விட்டது. இனித் திரும்பாது என்று கடலூர் டாக்டர் சொல்லிவிட்டார். சிப்காட்டில் நான் பார்க்கும் கெமிஸ்ட் வேலைக்கு அதனால் குறை வரவில்லை. பாட்டுக் கேட்பதுதான் போயிற்று. சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நவீன மேற்கத்திய இசை கேட்பேன். வயலினும் பியானோவும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் ஒரு படைப்பு, இரண்டு வயலின் கலைஞர்களின் பதிவுகளாக என்னிடம் இருந்தது. ஒருவருடைய நாதம் நெய்யாக வழியும். மற்றவருடையது வறட்டு வாசிப்பு என்று ஒதுக்கியிருந்தேன்.

நான்கு மாதம் எதையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை மனைவிதான் ஸ்பீக்கரைத் துடைத்து வைத்தாள்.

"சும்மா போட்டுத்தான் பாருங்களேன்."

பிடித்த பதிவைப் போட்டேன். இரண்டு வாத்தியங்களும் ஒன்றாகக் குழம்பி வந்தன. நிறுத்தப் போனவன், என்ன தோன்றியதோ, மற்றவரைப் போட்டேன். அவர் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, பியானோவுக்கு இடம்விட்டு ஒதுங்கினார். பியானோவின் மெல்லிய பதில்கூடத் தெளிவாகக் கேட்டது. இரண்டு காதும் இருந்தபோது நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இவரு கஞ்சத்தனமா வாசிக்கிறாருன்னு சொல்லுவீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன். பியானோவ பேச வுடுறாரு."

அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து போடுங்க, நானும் கேக்குறேன்."

அடுத்த வாரம் அதே படைப்பை ஒரு பெண் கலைஞர் வாசித்த மூன்றாவது பதிவைத் தேடிப் பிடித்தேன். அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறாள் மனைவி. எனக்கு இன்னும் சம்மதமில்லை.