மூன்றாம் கொக்கி

குடும்பத்தில் அவருக்கு வழங்கிய பெயர் ‘தள்ளிநில்’. மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள், நாளொன்றுக்கு நாற்பது முறையாவது அவர் சொல்லிவந்த சொல் அது. வீட்டிலும் அது அவர் நாக்கைவிட்டு இறங்கவில்லை. எண்ணெய் காயும்போது மனைவியிடமும், லாரி பின்வாங்கும்போது முன்பின் தெரியாதவர்களிடமும் அதையே சொல்வார். குடும்பப் புகைப்படங்கள் ஒன்பது இருக்கின்றன. எட்டில் அவர் கடைசி வரிசையின் ஓரத்தில், மற்றவர்களிடமிருந்து ஒரு முழம் விலகி நிற்கிறார். ஒன்பதாவதில் பாதி ஆள்தான் விழுந்திருக்கிறார்.

அவருடைய விதிகள் மூன்றே: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஈயத்தை வை. கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, சூடுமில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற விதியை விட்டால் வேறு பிடிமானம் இல்லை என்பது அவர் கொள்கை. ஈய அங்கியை ஒருநாளும் மடிக்க மாட்டார். மடித்தால் உள்ளே விரிசல் விழும் என்று, ஆண்டுக்கு ஒருமுறை அந்த அங்கியையே மேசையில் கிடத்திப் படமெடுத்துப் பார்ப்பார். அழுகிற குழந்தையைத் தாம் பிடித்துக்கொள்ளாமல் பெற்றோரிடம் அங்கியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். கல்நெஞ்சக்காரர் என்று முணுமுணுத்த ஒரு தகப்பனிடம், “உங்க பிள்ளைய நீங்க எப்பவோ ஒரு தடவ பிடிக்கிறீங்க. நான் பிடிக்க ஆரம்பிச்சா தினம் பத்துப் பிள்ளை” என்றார். கடைசியாக அந்த அறைக்கு வெள்ளையடித்தபோது, நெஞ்சுப் படம் எடுக்கும் தாங்கியைத் தாம் நிற்கும் ஈயத்தடுப்பிலிருந்து நாலடி தள்ளி, பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னவரும் அவரே. நாலடி என்றால் நாலடி லாபம்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேட்ஜ் இருக்கும். தீப்பெட்டி அகலமுள்ள அந்த அட்டை, மேலே படும் கதிரை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் ஓர் எண்ணாகத் திரும்பி வரும். கதிரை அளப்பது மில்லிசீவர்ட் கணக்கில்; கதிரோடு வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு இருபது மில்லிசீவர்ட் வரை அனுமதி. அவருக்கு வந்தவையெல்லாம் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் எண்கள். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், எக்ஸ்ரே அறைக்கு வெளியே பதிவறைச் சுவரில் இருந்த மூன்று கொக்கிகளுள் மூன்றாவதில் பேட்ஜை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முதலாவதில் ஒரு பழைய குடை. இரண்டாவதில் மைத்துனியின் கைப்பை. மனைவியின் தங்கையான அவளுக்கு அந்தப் பதிவறை வேலையை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். மாலைமுறையில் படமெடுப்பவரோ தம் பேட்ஜைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். விதி அதற்கு இடம் தரவில்லை என்று இவர் பலமுறை சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருடைய ஐம்பத்தோராம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்திலிருந்து மூன்று மாதக் கணக்கு வந்தது. மாலைமுறைக்காரருக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று. அவருக்குப் பதினொன்று.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அந்தத் தாளை மேசையில் வைத்தார்.

“என்னங்க இது? ஊரையெல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நீங்க மிஷினக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப பேட்ஜை உள்ள விட்டுட்டுப் போயிருக்கீங்க.”

“விட்டதில்ல சார்.”

“உடம்பு வாங்கியிருக்கணும், இல்ல பேட்ஜ் வாங்கியிருக்கணும். ரெண்டும் இல்லன்னா எப்படி?”

மறதியால் பேட்ஜை அறைக்குள் விட்டுவிட்டதாக இரண்டு வரி தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்திட்டால் அந்த எண் தள்ளுபடியாகும். வேலை பழையபடி நடக்கும். இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை, விசாரணை. அதன் முடிவில் எக்ஸ்ரே அறை அவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கிடைத்தது.

மனைவிக்கு இதில் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. “ஒரு கையெழுத்துதானே? மறக்காத மனுஷன் யாரு?”

“மறந்திருந்தா போட்டிருப்பேன்.”

“மறக்கலன்னா உங்க உடம்புலதான பட்டிருக்கும்?” என்றவள், தான் சொன்னது தனக்கே உறைத்தாற்போல் நிறுத்திவிட்டாள்.

அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் இரத்தம் கொடுத்தார். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். பிறகு தமக்கு இயல்பான முறையில் நாளைப் பகுத்துப் பார்த்தார். பேட்ஜ் அவரோடு இருப்பது எட்டு மணி நேரம். மீதிப் பதினாறு மணி நேரம் கொக்கியோடு இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு அவரால் நிமிடம் பிசகாமல் பதில் சொல்ல முடியும். கொக்கியின் பொழுதைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

வியாழக்கிழமை வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பதிவறையில் மைத்துனியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மூன்றாம் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான், அது எங்கயாவது ஓடிப்போயிடுமா?”

“நீ உன் வேலையப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அக்காவ வரச்சொல்லட்டுமா?”

நான்கு மணி. வேலைக்குச் சேருமுன் உடற்சோதனைக்கு வந்தவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் நெஞ்சுப் படம். சுவருக்குப் பின்னாலிருந்து மாலைமுறைக்காரரின் குரல், காதருகே நின்று பேசுவதுபோலக் கேட்டது: “மூச்ச இழுங்க… அப்படியே பிடிங்க.” அடுத்து இயந்திரத்தின் சிறு முனகல்.

அவர் எழுந்துபோய்க் கொக்கிக்குக் கீழே விரல்முட்டியால் தட்டினார். செங்கல்லின் சத்தம் வரவில்லை. பெட்டியைத் தட்டியதுபோல் வெறுமையாக ஒலித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே கூடத்தைப் பிரித்துப் பதிவறை உண்டாக்கியபோது நடுவே பலகைத் தடுப்பு அடித்திருந்தார்கள். இருபுறமும் வெள்ளை பூசியதில் அது சுவராகிவிட்டது. பழைய இடத்தில் தாங்கிக்குப் பின்னால் ஈயத்தகடு இருந்தது. அந்தத் தாங்கியைத்தான் நான்கு மாதங்களுக்கு முன் அவர் நாலடி தள்ளி, இந்தப் பலகைக்கு நேராக வைத்திருந்தார்; தகடு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

“உன் வீட்டுச் சாவியக் கொடு” என்றார்.

“எதுக்கு?”

“கொடு, சொல்றேன். கொடுத்துட்டு வெளிய போய் நில்லு.”

எக்ஸ்ரே பிலிம் அடைத்த சட்டம் ஒன்றின் முகப்பில் சாவியை ஒட்டி, சாவி பலகைப் பக்கம் இருக்குமாறு சட்டத்தைக் கொக்கியில் தொங்கவிட்டார். தாமும் வெளியே வந்து, உள்ளே தாங்கியை நோக்கி ஒருமுறை கதிரைச் செலுத்தும்படி மாலைமுறைக்காரரிடம் கேட்டுக்கொண்டார். கழுவி எடுத்த படத்தில் கறுப்பின் நடுவே சாவி வெள்ளையாக, பல் பல்லாகத் தெளிவாக விழுந்திருந்தது. மேலே கொக்கியின் திருகாணியும் தெரிந்தது.

மாலைமுறைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அண்ணே, நீங்க தப்பிச்சீங்க. வாங்கினது பேட்ஜுதான்.”

அவர் படத்தைப் பார்க்கவில்லை. கொக்கியிலிருந்து மைத்துனியின் நாற்காலிவரை கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார். இரண்டு கை தூரம். முதலில் மேசையையும் நாற்காலியையும் தாழ்வாரத்தின் கடைசிக்கு இழுத்துப் போட்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளர் படத்தைப் பார்த்ததும் தட்டச்சுத் தாளைக் கிழித்துப்போட்டார்.

“நல்லதாப் போச்சு. தாங்கியப் பழைய இடத்துக்கு மாத்திடுங்க, தடுப்புக்கும் ஈயத்தகடு அடிச்சிடலாம். இதோட முடிஞ்சுது.”

“முடியல சார். பேட்ஜுக்கு எண் வந்துடுச்சு. அந்த நாற்காலிக்கு வரல.”

“பதிவு மேசைக்கெல்லாம் பேட்ஜ் கிடையாதுங்க.”

“அதனாலதான் எழுதணும் சார். தாங்கிய மாத்தச் சொன்னது நான். அதையும் சேத்து எழுதறேன்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அத எழுதினீங்கன்னா உங்கள அந்த அறையில வச்சுக்க முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

ஒன்றரைப் பக்கம் எழுதினார். நெஞ்சுப் படங்களின் எண்ணிக்கை, தூரம், அவள் உட்கார்ந்திருந்த நேரம் ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கில், நான்கு மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிசீவர்ட் என்று வந்தது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான் அனுமதி. அந்த அளவால் நோய் என்று சுட்டிக்காட்டும்படி எதுவும் வரும் என எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆயினும் அவள் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. அவருடைய இரத்தத்தில் பழுது இல்லை என்ற முடிவு ஐந்து வாரம் கழித்து வந்தது. அதற்குள் அவர் பழைய படங்களைக் காக்கும் கிடங்குக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே கதிர் இல்லாததால் பேட்ஜும் இல்லை.

மைத்துனியிடம் கணக்கை அவரே சொன்னார்.

“மூணுன்னா அதிகமா அத்தான்?”

“கொஞ்சம்தான். ஆனா உனக்கு அனுமதிச்சதுக்கு மேல.”

“நீங்க நாலடி தள்ளிப் போனீங்க, அது நாலடி என் பக்கம் வந்துடுச்சு. அவ்வளவுதான?”

“அவ்வளவுதான்.”

“அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க உங்க பாஷையில சொன்னா அவ பயந்துடுவா.”

தகடு அடித்தபின், சரிபார்ப்பதற்காக மூன்றாம் கொக்கியில் ஒரு பேட்ஜை ஆண்டு முழுவதும் தொங்கவிட உத்தரவாயிற்று. அதன் எண் வரும்போதெல்லாம் அவள் கிடங்குக்கு வந்து சொல்வாள். நான்கு முறையும் பூஜ்யம். நான்காவது முறை, “இதோட பேட்ஜை எடுத்துட்டாங்க அத்தான். இனிமே எண் வராது, கேக்காதீங்க” என்றாள்.

மூன்று மாதம் கழித்து அவர் கேட்டார். அவள் பூஜ்யம் என்றாள்.