பாராளுமன்றத்துக்குக் கதிரை போட்டவன்

கதிரை வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் ஒரு கொடுமை உண்டு: ஊர் முழுவதும் உட்காருவதற்காக நாங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீடு, செத்த வீடு, கோயில் சடங்கு, அரசியல் கூட்டம் எதுவானாலும் முதலில் போகிறவன் கதிரைக்காரன். எல்லாரும் போன பிறகு கடைசியாக வெளிக்கிடுகிறவனும் அவன்தான். இந்தத் தொழில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. கதிரை தூக்கித் தூக்கி அவர்களுக்கும் இடுப்பு நாரி நொந்திருக்கும். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் யாராவது என்னை ஒரு சொல் சொன்னால் அது எத்தனை வருஷமானாலும் என்னிடம் துருப்பிடிக்காமல் கிடக்கும்.

இரும்புக் கதிரை

தமிழரை அடித்த கலவரத்தோடு மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, அப்பாவும் நாங்களும் கிழக்குக் கரையில் வவுணதீவுக்கு வந்து சேர்ந்தோம். கொஞ்சக் காலம் வயலில் கூலி வேலை செய்தேன். பிறகு நாவற்குடாவில் ஒரு முதலாளியிடம் கதிரை இறக்கப் போனேன். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் கதிரை இல்லை. மடக்கும்போது விரலைக் கடிக்கும் இரும்புக் கதிரைதான்.

ஒரு கல்யாணப் பந்தலில் எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு முன்வரிசை ஓரக் கதிரையில் சற்று இருந்தேன். இன்னும் ஒருவரும் வரவில்லை. முதலில் வந்தவர் கனகசூரியம் மாஸ்டர். அப்போது அவர் இளம் வாத்தியார், கக்கத்தில் குடை. அவர் சொன்ன சொல்லுக்கு நான் எழும்பினேன். எழும்பும்போதே மனதுக்குள் ஒரு முடிவெடுத்தேன். இந்த மனிதர் தலைமை தாங்கும் ஒரு விழாவில், முன்வரிசையில், என் சொந்தக் கதிரையில் நான் ஒரு நாள் இருப்பேன். அவரால் என்னை எழுப்ப முடியாது. தோட்டத்து ஆட்களை ஏசும் சொல்லையும் சேர்த்து, அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

“எழும்படா. கதிரை இறக்க வந்த தோட்டக்காட்டானுக்கு முன்வரிசை கேக்குதோ?”

லேஞ்சி

பிறகு நானே கதிரைகள் வாங்கினேன். தொழிலில் நான் படித்த முதல் சட்டம்: ஆட்கள் கூடி, கதிரை குறைந்த இடத்தில் எழும்பினவன் கெட்டான். இடம் பிடிக்கக் கதிரையில் லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, போடுவார்கள், செருப்பைக் கழற்றி வைப்பார்கள், பிள்ளையை நித்திரையாக்கிக் கிடத்துவார்கள். ஒன்றும் நிலைக்காது. லேஞ்சி கீழே கிடக்கும், கதிரையில் வேறு ஆள் இருப்பார்.

தன்னாமுனையில் வீட்டுத் தோட்டப் போட்டிக்குப் பரிசு கொடுத்தார்கள். தங்கம்மா அக்காவுக்கு முதலிடம். பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், ஆள் மேடைக்கு வரவில்லை. நடுவரிசையில் ஒரு கை மட்டும் ஆடியது. ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய்க் கிட்ட வந்தார். அக்கா இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தபடி சொன்னா:

“அந்தக் கிண்ணத்த இஞ்ச கொண்டு வாங்க தம்பி. நான் எழும்பினா மறுகா நிண்டுதான் பாக்கணும்.”

கழுவின கதிரை

தேர்தல் காலத்தில் ஒரு நாள் காலையில் ஒரு கட்சிக்கும் பின்னேரம் எதிர்க்கட்சிக்கும் கதிரை கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். பின்னேரக் கூட்டத்தை நடத்துகிறவருக்குச் சங்கதி தெரிந்துபோனது. அவர்கள் இருந்த கதிரையில் எங்கள் ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று ஒரே பிடி. எல்லாவற்றையும் வாவிக்கரைக்கு ஏற்றிப்போய்க் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தேன்.

கூட்டம் தொடங்கியது. பார்த்தால் பாதிப் பேர் காலையில் வந்த அதே ஆட்கள். சிலர் அதே இடத்தில்தான் இருந்தார்கள். நடத்துகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆக்களக் கழுவ ஏலாதே அண்ணன். கதிரையத்தானே கழுவலாம்.”

எல்லாரும் மந்திரி

கனகசூரியம் மாஸ்டர் இப்போது ஓய்வுபெற்று எங்கள் பொது மண்டபத்துக்குத் தலைவர். இந்த வருஷம் சுதந்திர தினத்துக்குப் பாட்டும் நடனமும் வேண்டாம், சுதந்திரம் கிடைத்த நாட்டின் முதல் பாராளுமன்றம் எப்படி நடந்தது என்று நடத்திக் காட்டுவோம் என்று தீர்மானித்தார். சபாநாயகர் அவரேதான். மண்டபத்துக்குள் ஒரு பக்கம் ஆளும் கட்சி, எதிர்ப் பக்கம் எதிர்க்கட்சி, சுற்றிவர ஊர்ச் சனம். கதிரை என்னுடையது. சனம் நிறைய வரும், கூடக் கதிரை போடுவோம் என்று சொன்னேன். உன் வாடகை ஏற்றுகிற கதையை விடு என்று சொல்லிப் பாதியாகக் குறைத்துவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மந்திரிக்கு ஆள் தள்ளுப்பட்டது. எதிர்க்கட்சிக்குப் பிடித்திழுத்தாலும் ஆள் இல்லை. காத்தான்குடி றசீது, டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர், எனக்குப் பழக்கம். அவரை எதிர்க்கட்சியில் போடப் பார்த்தார்கள். அவர் என்னிடம் வந்து சிபாரிசு கேட்டார், கதிரைக்காரனுக்குச் செல்வாக்கு இருக்கும் என்று நினைத்து.

“வேசத்துக்கெண்டாலும் தோக்கிற பக்கம் இருந்தா வீட்ட சிரிப்பாங்க அண்ணன். கடைசி மந்திரியா எண்டாலும் போடச் சொல்லுங்க.”

எதிர்ப் பக்கம்

கடைசி ஒத்திகை அன்று கதிரைகளை நிரைப்படுத்திக்கொண்டு நின்றேன். மாஸ்டர் ஒரு சட்டத்தை வாசித்தார். அதை வாக்கெடுப்பில் நிறைவேற்றிக் காட்டுவதுதான் கடைசிக் காட்சி. கேட்கக் கேட்க என் காது சூடாகிவிட்டது. மலைநாட்டுத் தோட்டத்து ஆட்களை இந்த நாட்டுக் குடிமக்கள் அல்ல என்று ஆக்கிய சட்டம் அது. அந்த முதல் பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்ய என் அப்பாவும் கோட்டுப் போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போய் வாக்குப் போட்டவர். அவர் வாக்கில் வந்த அதே பாராளுமன்றம், நீ ஆர் என்று அவரையே கேட்டது. சாகும்வரை அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

றசீது எப்படியோ கடைசி மந்திரியாகிவிட்டார், எதிர்க்கட்சியில் அன்றைக்கும் ஒரு ஆள் குறைவு. நான் இருக்கிறேன் என்றேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழி இல்லை.

“சரி ராமையா, நீ இரி. அந்தப் பக்கத்துக்குத் தோக்கிறதுதான் வேலை. நான் சொல்லக்குள்ள எழும்பு, வாயத் திறக்காத.”

மந்திரியின் மாமி

விழா அன்று சனம் மண்டபம் கொள்ளவில்லை. கூரைக் காற்றாடி எல்லாம் ஆளும் கட்சிப் பக்கம் என்பதால் நின்றவர்கள் எல்லாரும் மந்திரிமாருக்குப் பின்னால் போய் நெருக்கினார்கள். நான் பார்த்த கதிரை முதுகிலெல்லாம் ஒரு கை. எங்கள் பக்கம் புழுக்கம், ஒருவரும் வரவில்லை.

சத்தியப்பிரமாணத்துக்கு முதலில் ஒரு மந்திரி எழும்பி நடுவுக்கு வந்தார். நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று நல்ல குரலில் வாசித்தார். கைதட்டல். திரும்பிப் பார்த்தால் அவருடைய கதிரையில் அவருடைய மாமியார், வெற்றிலையை மடித்தபடி. மந்திரி கையிலிருந்த பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற மந்திரிமார் எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தபடியே சத்தியம் செய்தார்கள். மாமி சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“நீங்க வாசிச்சு முடிஞ்சுதானே மருமகன்.”

வாக்கெடுப்பு

சட்டம் வந்தது. மாஸ்டர் வாசித்து முடித்துவிட்டு, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றார். ஒத்திகையில் எல்லாரும் ஒன்றாய் எழும்பியவர்கள்தான். அன்று மண்டபம் வெறுமையாய்க் கிடந்தது, இன்று அப்படியில்லை. ஒருவரும் அசையவில்லை. பிரதமர் பக்கத்து மந்திரியைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். மாஸ்டர் இன்னொரு தரம் சொன்னார். எழுந்து நின்றவர் ஒரே ஒரு மந்திரி. அவரும் மாமியால் முதலே நின்றவர்.

எதிர்ப்பவர்கள் என்று கேட்கும் முன்னமே நான் எழும்பிவிட்டேன். எனக்கென்ன பயம்? என் கதிரையில் ஆர் இருந்தாலும் பின்னேரம் அது என் லொறியில்தான் ஏறவேண்டும். பக்கத்தில் தயங்கியவர்களிடம், எழும்புங்க, கதிரைக்கு நான் பொறுப்பு என்றேன். எங்கள் வரிசை முழுவதும் எழும்பியது. எதிர்ப்பு எத்தனை, ஆதரவு எத்தனை என்று எண்ணத் தேவையே இருக்கவில்லை. சட்டம் தோற்றுவிட்டது என்று சனத்துக்குள் ஒருவர் சத்தமாகச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் என் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. கிட்ட வந்து நிறுத்த அவருக்கு ஆசை. ஆனால் அவர் இருந்தது நான் கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பட்டுக் கதிரை. பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள். என்னை அன்றைக்கு எழுப்பியவர், தான் எழும்ப முடியாமல், இருந்த இடத்திலிருந்து கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்:

“இரி ராமையா. கொஞ்சம் இரியன். நீ இருந்தாத்தான் மற்ற ஆக்களும் இருப்பாங்க.”

சுவரோடு போட்ட கதிரை

நான் இருக்கவில்லை. தேசிய கீதம் வரைக்கும் நின்றேன். பின்னேரம் கதிரை ஏற்றும்போது மாஸ்டர் வாசலுக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல், வாற வருஷம் கதிரை கூடக் கொண்டு வாங்க என்றார். கொண்டு வாங்க, கொண்டு வா இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்த ஒரு சொல்லையும் அன்றைய இரும்புக் கதிரைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

றசீது தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் கதிரை போய்விடும் என்ற பயத்தில் எனக்கு வெற்றி தந்துவிட்டீர்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கதிரையைப் போட்டது நான்தான். அது மந்திரி வரிசையின் கடைசியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எனக்குப் பின்னுக்கு ஒருத்தரும் நிக்கல்ல அண்ணன். நான் சும்மாதான் எழும்பல்ல.”

அந்தக் காலத்து அசல் பாராளுமன்றத்தில் எல்லாருக்கும் போதுமான அளவு கதிரை இருந்ததுதான் எங்களுக்கு வந்த கேடு என்பது, இத்தனை வருஷம் கதிரை சுமந்தவனுடைய முடிவு.