ஏழு மாடியும் ஒரு சிவப்புக் கோடும்

பொலன்னறுவை அரண்மனையின் ஏழு மாடிகளையும் என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் கண்டு வியந்தார்கள். எப்போது என்று கேட்டால், பஸ் புறப்படுவதற்கு முந்தின கிழமை. திருகோணமலையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அதுதான் வழக்கம். சுற்றுலாக் கட்டுரையைச் சுற்றுலாவுக்கு முதலே எழுதிவிடுவோம்.

சிரிக்காதீர்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் ரீச்சர்மாரே. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. பயணம் முடிந்த கையோடு வட்டாரக் கல்வி அதிகாரி வந்து கொப்பிகளைப் பார்ப்பார். பிள்ளைகள் ஏதோ படித்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டால் அடுத்த வருடப் பயணத்துக்கு அனுமதி, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு முதல் ஏழாம் வகுப்பை வைத்திருந்த ரீச்சர் ஓய்வு பெறும்போது, பிரவுண் தாள் உறை போட்ட ஒரு கொப்பியை என் கையில் தந்தார். கட்டுரை அதற்குள் இருந்தது. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் மாற்றவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள்: 'ஏழு மாடிகளையும் ஆயிரம் அறைகளையும் கண்டு வியந்தோம்.'

இது அறுபதுகளின் நடுப்பகுதி. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கந்தளாய்க்கு அப்பால் போனதில்லை. அடுத்த வருடம் உங்களைக் கண்டி அரண்மனைக்குக் கூட்டிப் போவேன் என்று வேறு அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய் சும்மா கிடக்காது.

பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? பாலையூற்றைத் தாண்டவில்லை, ஒருத்தி சத்தி எடுத்துவிட்டாள். ஹபறணையில் இறங்கித் தலை எண்ணினேன். மின்னேரியாவில் எண்ணினேன். அரண்மனை வாசலில் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு குரங்கு இடியப்பப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதனால் மறுபடியும் முதலில் இருந்து எண்ணினேன்.

உள்ளே கூரை இல்லை. தடித்த செங்கல் சுவர்கள் மட்டும் நின்றன. பிள்ளைகளை நிழலில் நிறுத்திக் கட்டுரையை உரத்து வாசித்தேன். சல்மா மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அவளுடைய வாப்பா பட்டணத்தில் மேசன். அவள் சுவரை அண்ணாந்து பார்த்து விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், மிச்ச நாலு மாடியும் எங்க?"

"அது விழுந்திட்டுது. வரிசையில நில்லும் பிள்ளை."

"சுவத்தில ரெண்டு வரிசை ஓட்டைதான் ரீச்சர் இருக்கு. எங்கட வாப்பா மேல்மாடிக்கு மரம் ஏத்தக்குள்ள இப்பிடித்தான் ஓட்டை விடுவாரு. ரெண்டு வரிசை எண்டா மூண்டு மாடிதானே?"

புத்தகம் எழுதினவர்களுக்கு உன் வாப்பாவை விடத் தெரியும் என்று அவளை அடக்கினேன். அந்த நேரம் பார்த்து எனக்கு முப்பத்தேழு தலைதான் வந்தது. மற்றத் தலையைத் தேடி ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை கொப்பிகளைத் திருத்த எடுத்தால், சல்மா நான் சொன்ன வசனத்தை வெட்டியிருந்தாள். 'நான் மூன்று மாடிக்குத்தான் அடையாளம் கண்டேன். அதற்கு மேல் இருந்ததோ எனக்குத் தெரியாது' என்று தன் பாட்டில் எழுதியிருந்தாள். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. அதிகாரி வரும் நேரத்தில் இது என்ன சேட்டை? சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'கவனயீனம்' என்று எழுதிப் பத்துப் புள்ளி குறைத்தேன்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். இடத்துக்குப் புதியவர். என் கதிரையில் உட்கார்ந்து கொப்பிகளை வாசித்தார். ஐந்தாவது கொப்பியோடு அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன் வாங்குப் பிள்ளையை எழுப்பி, ஏழாம் மாடிக்கு எந்தப் படியால் ஏறினீர் என்று மெதுவாகக் கேட்டார். முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. ஏழு மாடி இருந்ததாகச் சொல்வார்கள் என்று எழுதுவித்திருந்தால் தப்பியிருப்பேன். கண்டோம் என்றல்லவா எழுதுவித்திருந்தேன்!

பிறகு சல்மாவின் கொப்பி அவர் கையில் வந்தது. சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்டார். எங்கள் அதிபர், நாங்கள் பெரிய சேர் என்று கூப்பிடுகிறவர், அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பிள்ளை கவனமில்லாமல் எழுதிவிட்டாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். கண்டிப் பயணமும் தப்பும். சல்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அவ எழுதினதுதான் சரி, சேர். மற்றதெல்லாம் போக முதலே நான் சொல்லி எழுதுவிச்சது. கோடு போட்டது என்ர பிழை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களும் போனனீங்களோ, ரீச்சர்?"

"ஓம் சேர்."

"அரண்மனையைப் பாத்தனீங்களோ?"

"இல்லை சேர். தலை எண்ணினனான்."

அவர் கொப்பியை மூடி வைத்தார். பெரிய சேரோடு அவருடைய கந்தோர் அறைக்குப் போய்விட்டார். கண்டி போச்சு என்று நினைத்தேன். சல்மாவைக் கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று அவளுக்கும் சொன்னேன். சிவப்பு மை அழியாது. அதனால் கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையொப்பம் வைத்து, பத்துப் புள்ளியையும் திருப்பிக் கொடுத்தேன். அவள் கணக்குச் சரியோ என்று கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியை வாங்கினாள்.

பள்ளி விடும் நேரம் பெரிய சேர் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அதிகாரி இப்படி எழுதியிருந்தார்: 'மாணவி ஒருத்தி அரண்மனையைப் பார்த்திருக்கிறாள். கண்டிப் பயணத்துக்கு அனுமதி உண்டு. அடுத்த முறை ஆசிரியருக்கும் அரண்மனையைக் காட்டவும்.'

நான் படித்த பாடம் சின்னது. பயணத்துக்கு வெறும் கொப்பியைக் கொண்டுபோங்கள், போய்வந்து எழுதுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அது எதைப் பார்த்துக் கேட்கிறது என்று நீங்களும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.

அடுத்த வருடம் கண்டியில் நான் சல்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். தலை எண்ணும் வேலையைப் பெரிய சேரிடம் கொடுத்திருந்தேன். அவர் அங்கே என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.